மதிலோரப் பாத்திக்கு நாலாயிரம் ரூபாய் போதுமா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் புதிதாகக் கட்டிய வீட்டுக்குச் சித்திரையில் குடிவந்தோம். தெற்குப் பக்கக் காம்பவுண்டு சுவரை ஒட்டி 24 அடி நீளம், 3 அடி அகலத்துக்கு வெறும் மண்ணாக விட்டிருக்கிறார்கள். சுவர் 5 அடி உயரம். நாள் முழுக்க நல்ல வெயில். வந்த வேகத்தில் நர்சரியில் பூத்துக் குலுங்கிய செடிகளாகப் பார்த்து ரோஜா, ஜெர்பெரா, பெயர் தெரியாத இன்னும் சில வாங்கி வைத்தேன். வைகாசி முடிவதற்குள் அத்தனையும் கருகிவிட்டன. தோட்டம் போட்டுத் தருகிற ஒருவர் வந்து பார்த்தார். கொரியன் புல், வெள்ளைக் கூழாங்கல், உருண்டையாக வெட்டிய ஃபைகஸ் என்று சொல்லி 25,000 கேட்கிறார். என்னால் இப்போது முடிந்தது 4,000. மாமியாருக்குச் சாமிக்கு வைக்கப் பூ வேண்டும், அதிலும் மல்லி கட்டாயம் வேண்டுமாம். வீட்டில் மூன்று வயதுப் பையன் இருக்கிறான். போர் தண்ணீர், கொஞ்சம் உப்பு. எங்கிருந்து ஆரம்பிப்பது?
— மடிப்பாக்கம் வாசகி

பதில்: நாலாயிரம் போதும். சொல்லப்போனால் கையில் நாற்பதாயிரம் வைத்துக்கொண்டு கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம், அவர்கள் முதல் நாளே பாத்தியை நிரப்பிவிட்டு மூன்றாம் மாதம் போன் செய்வார்கள். உங்கள் பணத்தில் பாதிக்கு மேல் மண்ணுக்குப் போகட்டும், செடிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வேண்டாம், மிச்சத்தைத் தை மாதம் வரை தொடாமல் வைத்திருங்கள். முதல் வருடம் பாத்தி கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா "என்னம்மா, இவ்வளவுதானா?" என்று கேட்பார். கேட்கட்டும்.

கூழாங்கல் யோசனையை இப்போதே தள்ளிவிடுங்கள். சென்னை வெயிலில் அந்தக் கல் சூட்டை வாங்கி ராத்திரி வரை செடியின் அடியில் வைத்திருக்கும், ஒரு மழைக்காலம் போனால் வெள்ளைக் கல் சேற்று நிறத்துக்கு வந்துவிடும், உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழுவ உங்களுக்கு நேரம் இருக்காது. கொரியன் புல் பார்க்க அழகு, மூன்றடிப் பட்டையில் அதைப் பராமரிக்கிற வேலை உங்கள் வீட்டு வேலையைவிட அதிகம்.

போன தடவை ஏன் செத்தது என்று பார்த்துவிடலாம், அது தெரியாமல் மறுபடி காசு போடக் கூடாது. அக்னி நட்சத்திரத்துக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால் புதுச்செடி வைத்தது ஒரு காரணம். வேர் பக்கத்து மண்ணைப் பிடிப்பதற்குள் நாற்பது டிகிரி வெயில் வந்துவிட்டால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் இலை குடிக்கிற வேகத்துக்கு வேரால் ஈடு கொடுக்க முடியாது. இன்னொன்று, நம்மூர் நர்சரிகளில் விற்கிற செடியில் பெரும்பாலானவை வெளியூர்ச் செடிகள். ஆந்திராவில் கோதாவரிப் பக்கம் கடியம் என்ற ஊரிலிருந்து லாரி லாரியாக வரும், பெங்களூர், ஓசூர் பக்கமிருந்தும் வரும். ஓசூர் குளிரில் வளர்ந்த ஜெர்பெராவை மடிப்பாக்கத்துச் சித்திரையில் இறக்கினால் அது என்ன செய்யும்?

கடியம் செடியில் இன்னொரு சங்கதி உண்டு. கவரைக் கிழித்தால் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை ஒன்று இருக்கும், லாரிப் பயணத்தில் வேர் கலையாமல் இருக்க அங்கே அப்படிக் கட்டி அனுப்புகிறார்கள். அதை அப்படியே குழியில் வைத்துவிட்டால் வெயிலில் உருண்டை இறுகிப்போய், நாம் ஊற்றுகிற தண்ணீர் அதன் ஓரமாக வழிந்து சுற்றியுள்ள மண்ணுக்குள் போய்விடும், உருண்டைக்குள் பொட்டு ஈரம் போகாது. மேல்மண் நனைந்திருப்பதைப் பார்த்து நாமும் தண்ணீர் போதும் என்று நினைப்போம். உங்கள் செத்த செடியில் ஒன்றை இன்னும் பிடுங்காமல் விட்டிருந்தால் இழுத்துப் பாருங்கள். வேர் அந்த உருண்டையை விட்டு வெளியே வராமலே இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

அடுத்த முறை செடி வாங்கி வந்ததும் கவரோடு ஒரு வாரம் நிழலில் வையுங்கள். நடுகிற அன்று சாயங்காலம் கவரைக் கிழித்து உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற விட்டு, வெளிப்பக்கக் களிமண்ணை விரலால் மெதுவாகக் கரைத்து எடுங்கள். முழுக்க எடுக்க வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு போனால் போதும், வேர் நுனி வெளியே தெரிய வேண்டும், அவ்வளவுதான். காகிதப்பூவுக்கு மட்டும் இந்த வேலை வேண்டாம். அதன் வேர் தொட்டாலே ஒடியும், கவரை மட்டும் வெட்டி அப்படியே இறக்குங்கள்.

இப்போது வெயில். "நாள் முழுக்க நல்ல வெயில்" என்று எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் வந்தது சித்திரையில், அதனால் அப்படித்தான் தெரியும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேல் நிற்கும், இடைப்பட்ட நாட்களில் கொஞ்சம் வடக்கே தள்ளியே போகும். அந்தச் சமயத்தில் தெற்குச் சுவர் இருப்பதே செடிக்குத் தெரியாது. ஆனால் ஐப்பசிக்கு மேல் சூரியன் தெற்கே சரிந்துவிடும். டிசம்பர் 21 வாக்கில் உங்கள் ஐந்தடிச் சுவரின் நிழல் நண்பகலிலேயே மூன்றரை அடிக்கு மேல் விழும், பாத்தியின் அகலமே மூன்றடிதான். அதாவது மார்கழியில் தரையோடு இருக்கிற செடி எதற்கும் நேர் வெயில் கிடையாது. முன்வரிசையில் இரண்டடி உயரம் வளர்ந்த செடியின் தலைக்கு மட்டும் கிடைக்கும். பிப்ரவரி பாதியிலிருந்து மறுபடி வெளிச்சம் திரும்பும்.

இதனால் பயப்பட ஒன்றும் இல்லை, எதை எங்கே வைப்பது என்பது மாறுகிறது, அவ்வளவுதான். பொங்கலுக்குப் பூக்கட்டும் என்று சாமந்தியைச் சுவரடியில் வைத்தீர்கள் என்றால் இலை மட்டும்தான் வரும். அந்த இடத்துக்கென்றே பிறந்த மாதிரி நம்மிடம் டிசம்பர் பூ இருக்கிறது. வருடம் முழுக்கச் சும்மா பச்சையாக நின்றுவிட்டு, வெயில் குறைகிற கார்த்திகை, மார்கழியில் ஊதாவும் வெள்ளையும் ரோஸுமாகப் பூக்கும், அரை நிழல் அதற்குத் தொந்தரவே இல்லை. கனகாம்பரமும் அப்படித்தான், கொஞ்சம் நிழல் கிடைத்தால் சந்தோஷப்படும்.

இனி மண். உங்கள் பணம் போகப்போகிற இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். புது வீட்டு மதிலோரம் என்றால் அது மண் இல்லை, கொத்தனார் விட்டுப்போன மிச்சம். மேலே நாலு அங்குலம் மண்ணைப் பரப்பி மட்டம் தட்டியிருப்பார்கள், அடியில் உடைந்த செங்கல், காய்ந்த கலவைக் கட்டி, டைல்ஸ் துண்டு, சிமெண்டுச் சாக்கு எல்லாம் இருக்கும். ஒரு மூலையில் ஓர் அடி ஆழத்துக்குக் கடப்பாரை போட்டுப் பாருங்கள், நான் சொல்வது சரியா என்று தெரிந்துவிடும். செங்கல் துண்டு கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, கலவைக் கட்டிதான் ஆகாது. சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடும், மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. மேலே துளிர்க்கிற புது இலை மஞ்சளாக வந்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அதுதான். இட்லிப்பூ இதை உடனே காட்டிக்கொடுத்துவிடும். நிறைய பேர் உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் உரம் கொட்டுவார்கள், பாவம் அந்தச் செடி.

எனவே முதல் வேலை, ஓர் அடி ஆழத்துக்குக் கிளறிக் கலவைக் கட்டிகளைப் பொறுக்கி எடுப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் இறங்கினால் முடிந்துவிடும், இல்லையென்றால் ஓர் ஆளுக்கு அரை நாள் கூலி கொடுங்கள், இந்தப் பணம் வீண் போகாது. சுவரின் அஸ்திவாரத்தை ஒட்டி மட்டும் ஆழமாகத் தோண்டாதீர்கள், அரையடி தள்ளியே போங்கள்.

கிளறிய பிறகு அடி ஆழத்துக்கு ஒரு குழி எடுத்து நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அது வற்றியதும் மறுபடி ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கினால் சரி. ராத்திரி ஊற்றியது காலையிலும் நின்றால், அடியில் களிமண். உங்கள் பகுதி ஏரியும் சதுப்புமாக இருந்த இடம், அதனால் களிமண்ணைத்தான் நான் எதிர்பார்க்கிறேன். பெசன்ட் நகர், திருவான்மியூர்க்காரர்களுக்கு இதற்கு நேர் எதிர்ப் பிரச்சினை, அவர்களுக்கு வெறும் கடல் மணல், ஊற்றியது நிற்காது. நம் ஊரில் வருடத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடும், அப்போது களிமண் பாத்தியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் மல்லி முதலில் போகும். வெயிலில் செத்ததைவிட மழையில் அழுகிச் செத்த செடிதான் சென்னையில் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

அதனால் பாத்தியைத் தரையைவிட அரையடி உயர்த்துங்கள். வெளிப்பக்க விளிம்புக்கு, தோண்டி எடுத்த செங்கல் துண்டுகளையே சாய்த்து அடுக்கினால் போதும், காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். சுவரோடு மண் ஒட்டி ஏறக் கூடாது, நாலு விரல் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் ஈரம் ஏறிச் சுவர் பொரிந்துவிடும், அப்புறம் பெயிண்டுக்குச் செலவழிக்க வேண்டும்.

உயர்த்த என்ன போடுவது? செம்மண், மக்கிய தொழுவுரம், தேங்காய் நார்த்தூள். செம்மண்ணைக் குட்டி யானையில் ஏற்றி வந்து கொட்டுவார்கள். உங்களுக்கு ஒரு முழு லோடு தேவைப்படாமல் போகலாம், பக்கத்து வீட்டோடு சேர்ந்து எடுத்தால் வண்டி வாடகை பாதியாகும். கொட்டுவதற்கு முன்னால் ஒரு கை அள்ளிப் பாருங்கள். கறுப்பாக, சின்னச் சின்ன முடிச்சாக, மேலே நார் ஒட்டிக்கொண்டு கிழங்கு மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் அது கோரைக்கிழங்கு, வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். வெட்கப்படாதீர்கள், கோரை ஒருமுறை வீட்டுக்குள் வந்துவிட்டால் நீங்கள் காலி செய்தாலும் அது காலி செய்யாது. தொழுவுரம் நன்றாக மக்கியிருக்க வேண்டும், கையில் எடுத்தால் சூடோ சாணி வாசனையோ இருக்கக் கூடாது. உங்கள் பக்கம் இன்னும் மாடு வைத்திருப்பவர்கள் இருப்பார்கள், பேசிப் பாருங்கள், கடையில் மூட்டை கட்டி விற்பதைவிடப் பாதி விலைக்குக் கிடைக்கும். நார்த்தூள் கட்டியை ஊற வைத்து இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்துவிட்டுப் போடுங்கள், அதில் உப்பு இருக்கும், உங்கள் தண்ணீரில் இருப்பதே போதும்.

தண்ணீர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் உப்பென்றால் சமாளிக்கலாம். மேலாகத் தினமும் தெளிப்பதைவிட, ஊற்றும்போது ஆழமாக ஊற்றி இரண்டு நாள் விடுவது நல்லது, அப்போது உப்பு மேலே தங்காமல் கீழே இறங்கும். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீர் வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றாதீர்கள், அது போர் தண்ணீரைவிட உப்பு அதிகம், தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் அரிசி கழுவின தண்ணீரும் தாராளமாகக் கொடுக்கலாம். ஏ.சி. தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடித்து மல்லிக்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

சரி, செடி. நீங்கள் எழுதிய நேரம் நல்ல நேரம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது சும்மா சொன்னதில்லை. ஆடி, ஆவணியில் சாயங்கால இடிமழை ஒன்றிரண்டு கிடைக்கும், வெயிலும் கொஞ்சம் தணியும், ஐப்பசி அடைமழைக்கு முன்னால் வேர் ஊன்ற இரண்டு மாதம் இருக்கிறது. ஆடியில் மண்ணைத் தயார் செய்து தண்ணீர் விட்டுப் பத்து நாள் ஆற விடுங்கள், களை முளைத்தால் பிடுங்குங்கள், ஆவணிக்குள் நட்டு முடித்துவிடலாம்.

பின்வரிசையில், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, நாலடிக்கு ஒன்று என்று ஐந்து செடி போதும். இரண்டு செம்பருத்தி, இரண்டு நந்தியாவட்டை, மூலையில் ஒரு காகிதப்பூ. இப்போது பார்த்தால் ஐந்து குச்சி நட்டு வைத்த மாதிரி தெரியும், அடுத்த சித்திரையில் சுவரை மறைத்திருக்கும். செம்பருத்தியில் ஒற்றை இதழ் நாட்டுச் சிவப்பையே எடுங்கள். அடுக்குச் செம்பருத்தியும் மஞ்சள், ஆரஞ்சு கலப்பினங்களும் அழகுதான், மாவுப்பூச்சிக்கும் அவைதான் முதல் விருந்து. நாட்டுச் செம்பருத்தியைக் காசு கொடுத்து வாங்கவே கூடாது. உங்கள் தெருவில் நிச்சயம் ஒரு வீட்டில் இருக்கும், "அம்மா, ஒரு கிளை தருவீங்களா, சாமிக்குப் பூ வைக்க" என்று உங்கள் மாமியாரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள், மறுக்க மாட்டார்கள். பென்சில் கனம், ஒரு சாண் நீளம், கீழே கணுவுக்குச் சற்றுக் கீழாகச் சாய்வெட்டு, இலையெல்லாம் கிள்ளிவிட்டு நுனியில் இரண்டு மட்டும் விடுங்கள். இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரிப் பழைய பால் கவரில் நட்டு நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கற்றாழைச் சாறு தடவு, தேன் தடவு என்பார்கள், தடவினாலும் வரும், தடவாவிட்டாலும் வரும். வேர் விட்டதா என்று இழுத்துப் பார்ப்பதுதான் கூடாது. ஒன்றரை மாதம் பொறுங்கள். நாலு குச்சி வைத்தால் இரண்டாவது தேறும், அதனால் ஆறு வையுங்கள்.

அரளி வேண்டாம். பூஜைக்கு நல்ல பூ, வெயிலுக்கு அதைவிடத் தாங்குகிற செடி இல்லை, சுங்கச்சாவடிச் சாலை நடுவில் அதைத்தான் வைக்கிறார்கள், எல்லாம் சரி. மூன்று வயதுப் பையன் இருக்கிற வீட்டில் அரளியும் தங்க அரளியும் வரவே கூடாது, இலை, விதை எல்லாமே விஷம். நந்தியாவட்டையின் பால் கண்ணில் பட்டால் எரியும், நித்தியகல்யாணியும் வாயில் வைக்கக் கூடாததுதான், அவனுக்குச் சொல்லி வையுங்கள். காகிதப்பூவுக்கு முள் உண்டு, அதனால்தான் அதை மூலைக்குத் தள்ளினேன். அப்புறம், மூன்றடி இடத்தில் முருங்கை, வேம்பு, பாதாம் என்று எதையும் வைக்க ஆசைப்படாதீர்கள். 2016 டிசம்பரில் வர்தா அடித்தபோது மதிலோர மரங்கள் சுவரையும் சேர்த்துக்கொண்டு சாய்ந்ததைப் பார்த்தவர்கள் அந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள்.

மல்லிக்கு வருவோம், மாமியார் விஷயம் ஆயிற்றே. பாத்தியின் எந்த இடத்தில் மதியத்துக்கு மேலும் வெயில் நிற்கிறதோ அங்கே, முன்வரிசையில், கொஞ்சம் மேடாக்கி இரண்டு குண்டுமல்லி. ராமேசுவரம் பக்கம் தங்கச்சிமடத்திலிருந்து வருகிற நாற்று கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், மல்லி நாற்றுக்குப் பேர்போன ஊர். நட்ட வருடமே பூவை எதிர்பார்க்காதீர்கள். இரண்டாம் வருடத்திலிருந்து கார்த்திகையில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மீதியை வெட்டிவிடுங்கள், மனசு கேட்காது, ஆனாலும் வெட்டுங்கள். பழைய கிளையில் மல்லி பூக்காது, புதுத் துளிரில்தான் மொட்டு வரும். சுவர் நிழல் விழுகிற மாதங்களில் அது மொட்டையாக ஓய்வில் இருக்கும், மாசியில் வெயில் திரும்பும்போது துளிர்க்கும். உங்கள் இடத்துக்கு இது தானாகவே பொருந்தி வருகிறது.

சுவரடியில், பெரிய செடிகளுக்கு நடுவே டிசம்பர் பூவும் கனகாம்பரமும். இரண்டும் சின்ன நாற்றாக வாங்கினால் மலிவு, நாலைந்து போதும், டிசம்பர் பூ விதை வெடித்துத் தானே பரவிவிடும்.

மீதி முன்பக்கம் முழுக்கச் செலவே இல்லாமல் முடிக்கலாம். நித்தியகல்யாணி சாலையோரத்திலேயே முளைத்துக் கிடக்கும், சின்ன நாற்றை ஈரத்தில் பிடுங்கி வந்து நடுங்கள். டேபிள் ரோஸ் யாரிடமாவது ஒரு பிடி வாங்கினால் கிள்ளிக் கிள்ளி நட்டே ஐந்தடி நிரப்பலாம், வெயில் ஏறினால்தான் அது கண் திறக்கும், மார்கழியில் சோம்பிவிடும், அதை மன்னித்துவிடுங்கள். விதைக்கு நர்சரிக்கே போக வேண்டாம், பூக்கடை மாலை போதும். சாமிக்குப் போட்ட மாலையில் கோழிக்கொண்டை இருந்தால் தூக்கி எறியாமல் காயவிட்டுச் செய்தித்தாளின் மேல் உதறுங்கள், கடுகைவிடச் சின்னதாக, பளபளவென்று கறுப்பு விதை உதிரும். அத்தனையும் முளைக்கும். வாடாமல்லியை அப்படியே உதிர்த்து மண்ணில் தூவி மேலே லேசாக மணல் போட்டால் போதும். துலுக்கச் சாமந்தியை மட்டும் நம்பாதீர்கள், மாலைக்குப் பறிக்கிற பூ விதை முற்றுவதற்கு முன்னாலேயே பறித்தது, கலப்பின ரகமும் அதிகம், வந்தால் லாபம் என்று தூவுங்கள். ஆடியில் தூவியது ஆயுத பூஜைக்கு ஓரளவு பூத்துவிடும். ஐப்பசி மழையில் சின்ன நாற்று கரைந்து போகும், அதற்குள் கைப்பிடி உயரத்துக்கு வந்திருக்க வேண்டும், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

காகிதப்பூ வளர்கிற வரை சுவர் மொட்டையாகத் தெரிகிறதே என்றால் இரண்டு ஆணி அடித்துச் சணல் கட்டிச் சங்குப்பூ விதை நாலு ஊன்றுங்கள். அந்த விதையை ஒரு ராத்திரி ஊற வைக்க வேண்டும். நீலப் பூவும் சாமிக்கு ஆகும்.

நட்டு முடித்ததும் மண்ணை வெயிலுக்குக் காட்டக் கூடாது, மூன்று அங்குலத்துக்கு மூடாக்கு வேண்டும். தெருவில் கூட்டி வைக்கிற காய்ந்த இலையைக் கேட்டால் தூய்மைப் பணியாளர் அண்ணன் சாக்கிலேயே கட்டிக் கொடுப்பார், பிளாஸ்டிக்கைப் பொறுக்கிவிட்டுப் போடுங்கள். கரும்பு ஜூஸ் கடைச் சக்கையும் நல்லது, ஆனால் மூன்று நாள் வெயிலில் காயவிட்டுப் போடாவிட்டால் எறும்பு படையெடுத்து வரும், எறும்பு வந்தால் பின்னாலேயே செம்பருத்தியில் மாவுப்பூச்சி வரும். அது சுரக்கிற இனிப்புக்காக எறும்பே அதைப் பாதுகாத்து வளர்க்கும். வெள்ளைப் பஞ்சு மாதிரி நுனியில் தெரிந்த அன்றே, பைப்பில் விரலை வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள், வாரம் ஒருமுறை. பகல் வெயிலில் அடித்தால் பூச்சியோடு இலையும் கருகும். இளநீர் மட்டையை விளிம்புக்கு அடுக்குகிறவர்களும் உண்டு, குழிப்பக்கம் மேலே இருந்தால் மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு வரும், கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும்.

உரக்கடைப் பக்கம் இந்த வருடம் போகவே வேண்டாம். போட்ட தொழுவுரம் தை வரைக்கும் தாங்கும். தையில் ஒதுக்கி வைத்த பணத்தை எடுத்து இன்னொரு மூட்டை தொழுவுரமும், எந்தச் செடி போயிருக்கிறதோ அந்த இடத்துக்கு வேறொன்றும் வாங்குங்கள். ஒன்றிரண்டு நிச்சயம் போகும். அதே செடியை அதே இடத்தில் மறுபடி வைக்காதீர்கள்.

நர்சரிக்கு எப்போது போவதானாலும் பூ இல்லாத செடியாகக் கேளுங்கள். "அக்கா, இது பாருங்க, எப்படிப் பூத்திருக்கு" என்று நீட்டுவார்கள். பூத்த செடிக்கு விலையும் கூட, வீட்டுக்கு வந்ததும் அந்தப் பூ உதிர்ந்து ஒரு மாதம் சும்மா நிற்கும். குட்டையாக, அடியிலிருந்து மூன்று நாலு கிளை பிரிந்து, கவரின் அடியில் வேர் சுருண்டு வெளியே வராததாக இருந்தால் எடுங்கள்.

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் ஒரு படம் அனுப்புங்கள். பாத்தி முழுவதும் தெரிகிற மாதிரி ஒன்று, கூடவே புதுத் துளிர் இலையைக் கிட்டத்தில் வைத்து மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று. இலை மஞ்சளாக வருகிறது என்றால் எந்த இலை, மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள், அதைப் பொறுத்துத்தான் என்ன கொடுப்பது என்று சொல்ல முடியும்.